மாமா, வீடு எந்தப் பக்கம்?

புதுச்சேரியில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும். கிழக்கே கடல். நடுவே வாய்க்கால். அதற்கு இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெருக்கள். 'பிரெஞ்சுக்காரன் போட்ட ஊர் சார்' என்று நாங்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வோம். உண்மையில், 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள்தான் இந்தக் கட்டத்தை முதலில் பிளானில் வரைந்தார்கள். அதை வெளியூர்க்காரர்களிடம் நாங்கள் சொல்வதில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு எனக்குத் திசைகாட்டிப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இங்கே 'சொல்தா' என்று பெயர். பித்தளை மூடி போட்ட காம்பஸ் ஒன்றைத் தூக்கிக் கொடுத்து, "வெச்சுக்கோ, பிரான்ஸ் சாமான்" என்றார். வாங்கிப் பார்த்தால் முள் ஒரு பக்கம் சாய்ந்து தரையை உரசிக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறது. பழசாகிப் போச்சு என்று நினைத்தேன். அப்படி இல்லை. ஐரோப்பாவில் பூமியின் காந்தம் முள்ளின் வடக்கு முனையைக் கீழே இழுக்கும். அதைச் சரிக்கட்ட, செய்கிறவர்கள் தெற்கு முனையில் கொஞ்சம் கனம் சேர்த்து விடுகிறார்கள். நம் பக்கம் காந்த நடுக்கோடு ரொம்பக் கிட்டே. (1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததே அந்தக் கோட்டுக்காகத்தான்.) இங்கே இழுக்க ஆளில்லை, சேர்த்த கனம் மட்டும் மிச்சம். முள் குப்புற விழுகிறது. ஆகவே வெளிநாட்டு மாமா வாங்கி வந்தால், எந்த மண்டலத்துக்குச் செய்தது என்று முதலில் பாருங்கள். எல்லா மண்டலத்துக்கும் பொருந்தும் முள் வைத்ததும் கிடைக்கிறது. விலைதான் உறைக்கும்.

புதுசு வாங்கக் கடைக்குப் போனேன். "காம்பஸ் இருக்கா?" என்றேன். கடைப் பையன் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து நீட்டினான். நாலு கடை ஏறி இறங்கிய பிறகு கிடைத்தது. உள்ளே திரவம் நிரப்பியது, அடியில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தட்டு, சுற்றிலும் டிகிரி போட்ட வளையம். திரவம் இருந்தால் முள் ஆடாமல் சீக்கிரம் நிற்கும். குமிழி இருந்தால் வாங்காதீர்கள். சாவிக்கொத்தில் தொங்குகிற காம்பஸ் சாவிக்குத் துணையாக இருக்கட்டும்.

மறுநாள் விடியற்காலை பீச் ரோடு. காந்தி சிலைக்கு எதிரே, 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், நிறுத்தி வைத்த பைக்குகளை விட்டுத் தள்ளி நின்றேன். இரும்பு கிட்டே இருந்தால் முள் பொய் சொல்லும். தட்டை மார்புக்கு நேராக மட்டமாகப் பிடித்து, அம்புக்குறியை ரோடு போகிற பக்கம் நீட்டினேன். சிவப்பு முனை உள்ளே வரைந்த அம்புக்குள் உட்காரும்வரை வளையத்தைத் திருப்பினேன். வடக்கு என்றால் பூஜ்யம் காட்ட வேண்டுமே? காட்டவில்லை! பிறந்ததிலிருந்து நான் வடக்கு என்று நினைத்த ரோடு கிழக்கே சாய்கிறது. காம்பஸ் டூப்ளிகேட் என்று முடிவு கட்டி, கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பேசாமல் ஊர் மேப்பை எடுத்துக் காட்டினார். கடற்கரை சாய்ந்திருக்கிறது, ரோடும் அதோடு சாய்ந்திருக்கிறது. காம்பஸ் யோக்கியம், ஊர்தான் கோணல்.

மேப்பின் வடக்குக்கும் முள்ளின் வடக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பி.காம். ஆசாமிகளுக்குச் சுலபமாகப் புரியும்: கேஷ் புக்குக்கும் பாஸ் புக்குக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். இங்கே அது இரண்டு டிகிரிக்குள். நடக்கிறவன் கண்டுகொள்ள வேண்டாம். அலாஸ்காவில் 15 டிகிரிக்கு மேல் போகும் இடங்கள் உண்டு. அங்கே ரிகன்சிலியேஷன் போடாமல் நடந்தால் கரடிதான் ஆடிட்டர்.

இவ்வளவு படித்த கர்வத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்த மீனவ அண்ணன் ஒருவரின் ஃபைபர் போட்டில் ஏறினேன். கூட அக்கா பையன், பன்னிரண்டு வயசு. ஊருக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து நேர் கிழக்கே போனோம். வலை இழுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கரை, வானம், கடல் எல்லாம் ஒரே சாம்பல். அண்ணனின் ஜி.பி.எஸ். அன்றைக்கு ரிப்பேரில். வாந்தி எடுத்து ஓய்ந்திருந்த பையன், "மாமா, வீடு எந்தப் பக்கம்?" என்றான்.

மாமா கம்பீரமாகக் காம்பஸை எடுத்தார். மார்புக்கு நேராகப் பிடித்தார். "அண்ணே, மேற்கு அதோ!" என்று கை நீட்டினார்.

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்ல சார்."

"காம்பஸ் சொல்லுதுண்ணே."

"காலையில வரும்போது அலை வலது முன்பக்கம் அடிச்சுதா? அப்போ திரும்பும்போது இடது பின்பக்கம்தான அடிக்கணும்? நீ காட்டுற பக்கம் போனா மூஞ்சியிலேயே அடிக்கும்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாக்கெட்ல இன்னா?"

சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய செல்போன். அதற்குக் காந்தம் வைத்து மூடுகிற உறை வேறு. பீச் ரோட்டுக்குப் போன அன்று அது வீட்டில் சார்ஜில் இருந்தது.

"அத்த கழட்டி அந்தாண்ட போடு சார்."

போனைப் பையனிடம் கொடுத்து போட்டின் முனைக்கு அனுப்பினேன். முள் சாவகாசமாகச் சுற்றி, கால் வட்டத்துக்குக் கிட்டே நகர்ந்து நின்றது. நான் காட்டியது கிட்டத்தட்ட தெற்கு. கரைக்கு இணையாக, கரையே வராத பக்கம். டேங்க்கில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது என் காம்பஸும் அவர் அலையும் ஒத்துப்போயின. ஆனாலும் அவர் போட்டை நேர் மேற்கே விடவில்லை, துளி தெற்கே ஒதுக்கினார்.

"ஏண்ணே?"

"குப்பத்துக்கு நேரா வெச்சு, கொஞ்சம் தப்பிடுச்சுன்னு வெய்யி. கரை தெரிஞ்சப்புறம் ஊடு வடக்கால இருக்கா தெற்கால இருக்கான்னு எப்படிக் கண்டுபுடிப்ப? இப்படி வேணும்னே தெற்கால வந்தா, கரையைப் பாத்ததும் சோத்தாங்கைப் பக்கம் திருப்பிட வேண்டியதுதான்."

மழை விட்டபோது இடது பக்கம் மங்கலாக ஒரு கோபுரம் தெரிந்தது. 1979-ல் கட்டிய புதிய கலங்கரை விளக்கம். அண்ணன் போட்டை வலது பக்கம் திருப்பினார். பையன் முனையிலிருந்து என் போனை ஆட்டிக்கொண்டே கத்தினான்: "மாமா, அம்மா ஏழு மிஸ்டு கால்!"