ஒட்டினது ஒருத்தர், உரிக்கிறது இன்னொருத்தர்

எங்கள் பயிற்சி அறையில் கிடக்கிற ட்ரம் செட் தனி ஆள் ஒருவருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே அதில் எல்லாருடைய டேப்பும் இருக்கிறது. ஸ்னேரில் வெள்ளி நிற டக்ட் டேப், டொம்களில் பெட்டி ஒட்டுகிற மண்ணிற டேப், பெரிய க்ராஷ் சிம்பலின் அடியில் வயர் சுற்றுகிற கறுப்பு டேப் மூன்று அடுக்கு. ஒட்டினவர்களில் பாதிப்பேர் இப்ப நாட்டிலேயே இல்லை.

டேப் ஒட்டுவது பிழை எண்டு நான் சொல்லவில்லை. தகரக் கூரை, சீமெந்துச் சுவர், சின்ன அறை. அதற்குள் க்ராஷை ஒரு அடி அடித்தால் முதலில் பக்கத்து வீட்டு நாய் முறைப்பாடு சொல்லும், பிறகு பக்கத்து வீடு. ரிங்கோ ஸ்டாரே பீட்டில்ஸின் பிந்திய ஒலிப்பதிவுகளில் ட்ரம்மின் மேல் துவாயைப் போட்டு அடித்தவர்தான். ஆனால் துவாயை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. டேப்பை எடுத்தால் பசை மிஞ்சும்.

எங்கட வெக்கைக்கு அது இன்னும் மோசம். டக்ட் டேப்பின் பசை ரப்பர் சார்ந்தது. சூட்டில் இளகி, மேல் துணி மட்டும் கழன்று கையோடு வர, பசை அங்கேயே தங்கிவிடும். பிறகு தூசி பிடித்துக் கறுக்கும். மேடைக்காரர் பாவிக்கிற காஃபர் டேப் இவ்வளவு பசை விடாது. விலை கூட, ஆனபடியால் நாங்கள் வாங்கினதில்லை.

இந்த செட்டைப் புதிதாகப் பழகப்போகிற பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்று முடிவானபோதுதான் "இப்பிடியே குடுக்கிறதோ?" என்ற கேள்வி வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அதோட போச்சு.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி நகப்பூச்சு அழிக்கிற திரவத்தோடு வந்தாள். தடுத்துவிட்டோம். அதில் அசிட்டோன் இருந்தால் ட்ரம்மைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் உறை மங்கி இளகிவிடும், சிம்பலில் அச்சிட்ட பெயரும் போய்விடும். இன்னொருத்தன் பாத்திரம் மினுக்குகிற கம்பித்தும்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதுக்கு நான் எழும்பியே நின்றுவிட்டேன். சிம்பலில் வட்டவட்டமாகத் தெரிகிற கோடுகள் அழுக்கில்லை. கடைசல் பிடிக்கும்போது வெட்டப்பட்டவை, ஓசையில் அவற்றுக்கும் பங்கிருக்கு.

கடைசியில் வேலை செய்தது குசினியில் இருந்த சாமான்தான். ஹெயார் ட்ரையரால் மெல்லிய சூடு காட்டி டேப்பைத் தாழ்வாக, அவசரமில்லாமல் பின்பக்கம் மடித்து இழுத்தோம். மிஞ்சின பசையில் தேங்காயெண்ணெய் பூசிப் பத்து நிமிடம் விட்டு, பருத்தித் துணியால் தேய்த்தால் உருண்டை உருண்டையாகக் கழன்று வந்தது. அடம்பிடித்த இடத்துக்குக் காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பு. பிறகு பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் கொஞ்சம் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, நல்லாப் பிழிந்து துடைக்க வேண்டும். எண்ணெயை அப்படியே விட்டால் அதிலேயே புதுத் தூசி குடியேறும். வெறும் மரம் தெரிகிற விளிம்புகளில் மட்டும் ஈரம் படக்கூடாது.

தோல் என்று சொன்னாலும் இப்ப வருகிறது பொலியெஸ்டர் தாள்தான், 1950களின் கடைசியில் இருந்தே இதுதான் பாவனையில். எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வெள்ளையாகச் சொரசொரப்பாக இருக்கிற வகையைத் தேய்த்தால் பூச்சு உரிந்துவிடும். எங்கட ஸ்னேரில் அதுதான் நடக்கப் பார்த்தது. தேய்க்கிறதை விட்டுவிட்டுப் புதுத் தோல் வாங்கக் காசு சேர்த்தோம்.

க்ராஷ் சிம்பல் கனடாவுக்குப் போன ஒரு அண்ணா விட்டுப்போனது. கறுப்பு டேப்பின் மூன்றாவது அடுக்கை உரித்தபோது அடியில் வெடிப்பு. விளிம்பிலிருந்து உள்ளே ஒரு அங்குலம் இருக்கும். வட்ஸ்அப்பில் காட்டினேன்.

"அது எனக்குத் தெரியும் தம்பி. நான்தான் ஒட்டினனான். கிர்ரெண்டு சத்தம் வந்தது."

"சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொன்னா நீங்கள் அடிச்சிருக்க மாட்டியள். சரி, பசையை எடு. மினுக்கிப்போடாத."

பழுப்பேறின சிம்பலுக்கு ஒரு இருண்ட ஓசை இருக்கெண்டு ட்ரம்மர்மார் சொல்வார்கள். பாதி காதில் கேட்கிறது, பாதி மனசில் கேட்கிறது என்பது என் கணக்கு. ஆனாலும் பிறாசோ போட்டால் பழுப்போடு அச்சிட்ட பெயரும் போகும், இரண்டும் திரும்பி வராது. அதனால் பசை போன இடத்தோடு நிறுத்திவிட்டேன். டேப் இருந்த இடம் மட்டும் மூன்று விரல் அகலத்துக்குப் பளிச்சென்று தெரிகிறது.

வெடித்த சிம்பலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தோம். திரும்ப டேப் போட்டு மூடிக் கொடுப்போம் என்றவர்களும் இருந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பட்டறையில் வெடிப்பின் நுனியில் சின்னத் துளை போடுவித்தோம். அது மேலும் கிழிந்து போவதைக் கொஞ்சக் காலம் தடுக்கும், எப்பவும் தடுக்கும் என்றில்லை. பொறுப்பெடுக்கிற ஆசிரியையிடம் துளையைக் காட்டிச் சொல்லியாச்சு.

பாஸ் ட்ரம்மின் முன்பக்கம் இன்னும் மிச்சம். செட்டோடு ஒரு ரோல் காஃபர் டேப்பும் வாங்கிக் கொடுக்கிறோம்.