எடைக்குப் போக இருந்த ஒரு பெட்டி

"அம்மாவோட பேப்பரு ஒரு பெட்டி நெறைய கெடக்குதுக்கா. வீட்டுக்காரரு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. எடைக்குப் போட்டுடவா, இல்ல நீங்க வந்து பாக்குறீங்களா?"

தொலைபேசியில் இப்படிக் கேட்டவர் ஒரு இளம் திருநங்கை. அவர் அம்மா என்று சொன்னது, தன்னை மகளாக ஏற்று வளர்த்த மூத்த திருநங்கையை. அந்த அம்மாவின் காரியம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று மாலையே வியாசர்பாடிக்குப் போனோம். நாங்கள் மூன்று பேர். மூவரும் சமூகப் பணி செய்கிறவர்கள். இருவர் சேரியில் பிறந்தவர்கள், ஒருவர் திருநம்பி.

பத்துக்குப் பத்து அறை. கட்டிலுக்கடியில் பச்சைத் தகரப் பெட்டி. மேலே இரண்டு பட்டுப் புடவை, குடும்ப அட்டையின் நகல், அரசு மருத்துவமனைச் சீட்டுகள். அதற்கும் கீழே சணல் கயிற்றால் கட்டிய காகிதக் கட்டுகள். பிரித்துப் பார்த்தபோது அது ஒரு செய்திமடல் என்று தெரிந்தது. லீகல் அளவுத் தாளை இரண்டாக மடித்து, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் பின் அடித்தது. எட்டுப் பக்கம். அட்டையில் கையால் வரைந்த படம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் வந்திருக்கிறது. மொத்தம் 27 இதழ்கள். நடுவில் ஒன்பதாவது இதழை மட்டும் காணவில்லை. கூடவே வாசகர் கடிதங்கள், படி எடுக்காத கையெழுத்துப் பிரதிகள்.

எடைக்குப் போட்டிருந்தால் ஐந்து கிலோ தேறியிருக்கும். ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு வந்திருக்கும்.

அந்த மடல் எப்படி வந்தது என்பது எங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்களுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிடும். எச்ஐவி தடுப்புத் திட்டத்தில் 'விழிப்புணர்வுப் பொருட்கள்' என்று ஒரு செலவுத் தலைப்பு இருக்கும். அதிலிருந்து ஜெராக்ஸ் காசு வந்திருக்கிறது. அதனால் பாதிப் பக்கங்களில் ஆணுறை, பால்வினை நோய், கிளினிக் நேரம். மீதிப் பக்கங்கள் அவர்களுடையவை. போலீஸ் பிடித்தால் என்ன கேட்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பத்தி. இறந்தவர்களுக்கு அஞ்சலி. கவிதை. ஊரில் அப்பா இறந்ததற்குக்கூட உள்ளே விடவில்லை என்று ஒருவர் எழுதிய கடிதம். அதற்கு அடுத்த இதழில் ஆறு பேர் எழுதிய பதில்.

எங்களை உட்கார வைத்தது பதினான்காவது இதழ். அதில் இந்த அம்மா ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். பெயருக்குப் பதில் ஒற்றை எழுத்து. "ஜமாத்துல எல்லாரும் ஒண்ணுதான்னு சொல்றோம். அப்புறம் ஏன் நான் கொண்டாந்த தண்ணிய மட்டும் யாரும் தொடல?" என்று தொடங்குகிறது. பதினைந்தாவது இதழில் மூன்று பதில்கள். சாதியை உள்ளே கொண்டுவந்து நம்மைப் பிரிக்காதே என்று இருவர். எனக்கும் நடந்தது என்று ஒருவர். பதினாறாவது இதழில் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் அம்மா வைத்திருந்த பதினான்காவது இதழின் ஓரத்தில் நீல பால்பாயிண்ட் பேனாவில் ஒரு குறிப்பு இருந்தது: "இதைப் போட வேணாம்னாங்க. போட்டேன்."

சமூகவியல் முதுகலை படித்தபோது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட பால்புதுமையர் இயக்க வரலாறு வேறு மாதிரி. 1990இல் மும்பையில் அசோக் ராவ் கவி தொடங்கிய 'பாம்பே தோஸ்த்'. அதற்கும் முன்னால், 1986இல் கலிஃபோர்னியாவில் தெற்காசியர்கள் தொடங்கிய 'திரிகோன்'. பிறகு 2009இல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2013இல் அது கவிழ்ந்தது, 2014 நால்சா தீர்ப்பு, 2018 செப்டம்பர் 6. இவை எல்லாம் நடந்தவை, முக்கியமானவை. அந்த இதழ்களை நடத்தியவர்கள் எடுத்த ஆபத்தும் சிறியதல்ல. ஆனால் இந்த வரிசையில் வியாசர்பாடியின் தகரப் பெட்டி எங்கே வரும்? ஆங்கிலத்தில் அச்சானதும் நீதிமன்றத்துக்குப் போனதும் வரலாறு ஆகிவிட்டன. தமிழில் ஜெராக்ஸ் எடுத்தது 'திட்டச் செலவு' ஆகிவிட்டது.

நம் வாசகர்களுக்கு இது புதிய கதையல்ல. பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை நடத்தினார். பிறகு எத்தனை பத்தாண்டுகள் தமிழ் இதழியல் வரலாறும் தமிழ் அரசியல் வரலாறும் அவர் பெயர் இல்லாமலே எழுதப்பட்டன? 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளியிட்ட பிறகே பலருக்கும் அவரைப் படிக்க முடிந்தது. அந்தத் தொகுப்பு சாத்தியமானதற்குக் காரணம், அன்பு பொன்னோவியம் அந்தப் பழைய இதழ்களை எடைக்குப் போடாமல் வைத்திருந்தது. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழுக்கு அப்படி ஒரு கொடுப்பினை வாய்க்கவில்லை. அது முழுமையாக நம் கையில் இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வீட்டின் அலமாரி.

வெளிநாட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. நியூயார்க்கில் 1974இல் தொடங்கப்பட்ட லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ் பல ஆண்டுகள் ஜோன் நெஸ்லே என்பவரின் குடியிருப்பில்தான் இருந்தது. பிறகு நன்கொடை திரட்டி புரூக்ளினில் சொந்தக் கட்டடம் வாங்கினார்கள். பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க மாட்டோம், படிப்புச் சான்றிதழ் கேட்க மாட்டோம், இது நம் சமூகத்துக்குள்ளேயே இருக்கும் என்பது அவர்களின் கொள்கை. அதே நகரில் கறுப்பினப் பெண்களும் பிற நிறத்தவரும் 1977 முதல் 1983 வரை 'அசேலியா' என்ற இதழை நடத்தினார்கள். வெள்ளையர்களின் லெஸ்பியன் இதழ்களில் தங்களுக்கு இடம் இல்லாததால் தனியாக நடத்தினார்கள். கறுப்பின ஓரினச்சேர்க்கையாளர்களின் எழுத்தைத் தொகுத்த ஜோசஃப் பீம் 1988இல் இறந்தபோது, அவர் காகிதங்களைக் காத்து, அவர் தொடங்கிய அடுத்த தொகுப்பு வெளிவரத் துணை நின்றவர் அவருடைய தாய் டோரதி பீம். அந்தக் காகிதங்கள் இன்று ஹார்லெமின் ஷோம்பர்க் மையத்தில் இருக்கின்றன.

எங்களைக் கூப்பிட்ட மகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தம்மா எத்தினி நாளு வச்சிருந்தாங்களாம்?"

பெட்டியை எடுத்து வந்தபின்தான் எங்கள் அறியாமை தெரிந்தது. பின்கள் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருந்தன. செல்லோ டேப் ஒட்டிய இடமெல்லாம் பழுப்புத் தழும்பு. மட்டமான தாளில் இருக்கிற அமிலமே அந்தத் தாளை உள்ளிருந்து அரித்து நொறுங்க வைக்கிறது. ராமபாணப் பூச்சி ஓரங்களை வேலை பார்த்திருந்தது. எங்களில் ஒருவர் நல்ல எண்ணத்தில் லேமினேட் செய்துவிடலாம் என்றார். நூலக வேலை தெரிந்த தோழர் ஒருவர் பதறித் தடுத்தார். லேமினேட் செய்தால் சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. பின்னை நெம்பாமல் இரண்டு கால்களையும் நிமிர்த்தி எடுப்பது, பருத்தி நூலால் கட்டுவது, பேனா தொடாமல் பென்சிலால் எண் போடுவது, அமிலமற்ற உறையில் படுக்கை வாட்டில் வைப்பது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். 26 இதழ்களை ஸ்கேன் செய்து முடிக்க எங்களுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இருபத்தேழாவது இதழோடு ஒரு ஃபிளாப்பியும் இருந்தது. கடைசி சில இதழ்களைக் கணினியில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஒருவழியாகத் திறந்தபோது திரை முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு முந்தைய ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பு இருந்தும் பயனில்லை. கணினியில் இருப்பது பத்திரம், காகிதம்தான் அழியும் என்று நினைக்கிறோம். இங்கே காகிதத்தைப் படிக்க முடிந்தது.

இதெல்லாம் கைவேலை, கற்றுக்கொள்ளலாம். எங்களுக்குள் சண்டை வந்தது கடிதங்களால்.

வாசகர் கடிதங்களில் பலர் தெருப் பெயரைக்கூட எழுதியிருந்தார்கள். மடலில் அச்சானவை பாதி, அச்சாகாதவை பாதி. எழுதியவர்களுக்கு அப்போது இருபது வயது இருந்திருக்கும். இன்று மனைவி மக்களோடு அதே ஊரில் இருக்கலாம். ஒருவரின் கடிதத்தில் பெயர் இல்லை. ஆனால் செய்கிற வேலையும், வீட்டுக்கு எதிரே இருக்கிற கோயிலும், காதலித்தவரின் சாதியும் இருந்தன. அந்த ஊர்க்காரர் யார் படித்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் நம் பிள்ளை. காதலித்தவர் ஆதிக்கச் சாதி. இந்தத் தமிழ்நாட்டில் அதன் பொருள் என்ன என்று இந்த வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தேடிப்போய் அனுமதி கேட்கலாமா என்று பேசினோம். வீட்டு வாசலில் போய் நின்று 'இருபது வருடத்துக்கு முன்னால் நீங்கள் ஒரு கடிதம் எழுதினீர்களா' என்று கேட்பதே அவரைக் காட்டிக்கொடுப்பது. சரி, கறுப்பு மையால் அடித்துவிடலாம் என்றார் திருநம்பித் தோழர். மற்ற இருவரும் ஒப்பவில்லை. நம் வரலாற்றில் அடித்து அழித்தது போதாதா, நாமும் செய்ய வேண்டுமா என்று கேட்டோம். அவர் கோபப்பட்டார். "உங்களுக்கு வரலாறு பெருசு. வெளிய தெரிஞ்சா என்னாகும்னு எனக்குத் தெரியும்" என்றார். அவர் வீட்டை விட்டு வந்த கதை எங்களுக்குத் தெரியும். பதில் பேச முடியவில்லை.

கடைசியில் அம்மாவின் மகளையும் உட்கார வைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மூலத்தில் மை படாது. கடிதப் பக்கங்களின் முழு ஸ்கேன் பூட்டிய தொகுப்பில் இருக்கும், ஐம்பது ஆண்டுகளுக்கு யாருக்கும் திறக்கப்படாது. எழுதியவரே வந்து கேட்டால் அவருடையது அவருக்கு. வெளியே படிக்கக் கொடுக்கும் படியில் அடையாளம் தரும் வரிகள் மட்டும் மறைக்கப்பட்டு, மறைத்திருக்கிறோம் என்ற குறிப்பும் இருக்கும். மறைத்ததை மறைக்கக் கூடாது என்பதில் மூவரும் ஒன்றானோம்.

அந்த மகள் வேறொன்றும் சொன்னார். "எல்லார் பேரையும் மறைங்க. அம்மா பேரை மட்டும் போடுங்க. உசுரோட இருந்தப்ப ஒத்தை எழுத்துதான் போட்டாங்க." இந்தப் பக்கத்தில் நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஆவணத்தின் முதல் தாளில் முழுப் பெயர் இருக்கிறது, அவர் விரும்பி வைத்துக்கொண்ட பெயர்.

எங்கே கொடுப்பது என்பது இன்னும் முழுதாக முடியவில்லை. பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளியில் கம்ரா என்ற பால்புதுமையர் ஆவணக்காப்பகம் இயங்குகிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஒருவர், பிறர் குப்பை என்று நினைத்ததைச் சேர்த்து வைத்ததிலிருந்து உருவான நூலகம் அது. பெரிய இடம் என்றால் குளிர்சாதனம் இருக்கும், கரையான் வராது. ஆனால் நாங்கள் விசாரித்த ஒரு நிறுவனத்தில் அட்டவணைப் படிவத்தைக் காட்டினார்கள். பாலினத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, மொழிக்கு ஒரு கட்டம் இருந்தது. பதினான்காவது இதழை எந்தத் தலைப்பில் போடுவீர்கள் என்று கேட்டோம். 'உடல்நலம்' என்றார்கள். சாதி என்று ஒரு தலைப்பு வேண்டும் என்றோம். அது அரசியல் ஆகிவிடும் என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். தலைப்பில் சாதி இல்லை என்றால், நாளை சாதியைத் தேடுகிற ஒரு மாணவிக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. காகிதம் பத்திரமாக இருந்தும் காணாமல் போயிருக்கும்.

அதனால் இப்போதைக்கு மூலம் நம்மிடமே, ஸ்கேன் மூன்று இடங்களில். அட்டவணையை நாங்களே தமிழில் எழுதிவருகிறோம். அரசு 2022இல் அறிவித்த சொற்களஞ்சியத்தின் சொற்களையும் போடுகிறோம், அந்த மடலில் அவர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பழைய சொற்களையும் போடுகிறோம். சில இன்று வசவாகத் தெரிந்தாலும் திருத்தவில்லை. சாதி என்ற தலைப்பின் கீழ் முதல் பதிவு: இதழ் 14, பக்கம் 5.

தோழர்களே, உங்கள் பரணில், கட்டிலுக்கடியில், மூடிய அலுவலகத்தின் அலமாரியில் இப்படி ஏதாவது இருக்கும். துண்டறிக்கை, மன்ற மலர், கையெழுத்து ஏடு, எதுவானாலும் சரி. யாரிடமும் கொடுக்க வேண்டாம். முதலில் பின்னைக் கழற்றி, உலர்ந்த இடத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். வந்த ஆண்டும் ஊரும் தெரிந்தால் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். எழுதியவர்கள் உயிரோடு இருந்தால் இப்போதே போய்ப் பேசுங்கள்.

ஒன்பதாவது இதழை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அட்டையில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டுகிற படம் இருந்ததாக அந்த மகளுக்கு ஞாபகம். உங்கள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்.