மானிப்பாய் மருந்துப் போத்தல்

பழைய மிஷன் ஆஸ்பத்திரிகளில் கலக்கிக் கொடுத்த மருந்துப் போத்தலின் விலாவில், ஒரு கரை மட்டும் அரிவாட்பல்லைப்போல் வெட்டப்பட்ட நீண்ட காகிதத் துண்டொன்று ஒட்டியிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு பல் என்பது அதன் சட்டம். மணிக்கூடில்லாத வீட்டுக்கும், எழுத்தறியாத கிழவிக்கும், கரண்டியின் அளவு அடுப்படிக்கு அடுப்படி வேறுபடும் ஊருக்கும் ஏற்ற அந்த உபாயத்துக்கு வைத்தியசாலைச் சரித்திரங்கள் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. அடிக்கல் நாட்டிய கனவான்களுக்கும் புதிய விடுதியைத் திறந்துவைத்த சீமாட்டிகளுக்குமே அவற்றில் இடம் போதவில்லை. எனக்கோ, மானிப்பாய் வைத்தியசாலையின் சிறந்த காலம் முழுவதும் அந்தக் காகிதத் துண்டில் அடங்கியிருப்பதாகவே படுகிறது.

1847ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாகாணத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மறுவருஷமே மானிப்பாயில் தமது மருந்துச்சாலையை நிலைப்படுத்தினார். அவருக்கு முன்பே, 1820இல், பண்டத்தரிப்பில் டாக்டர் ஜோன் ஸ்கடர் வைத்தியம் செய்யத் தொடங்கியிருந்தார். அந்த ஸ்கடர் பின்னர் சென்னைக்குப் போனதும், அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் வேலூரில் பெரிய மருத்துவக் கல்லூரியை ஸ்தாபித்ததும் பலர் அறிந்த கதை. இன்று வேலூருக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், அந்தக் குடும்பத்தின் வைத்தியக் கணக்கு பண்டத்தரிப்புப் பனைகளுக்கிடையில் தொடங்கியது என்பதை நினைத்துக்கொண்டால் எங்களுக்கும் சற்றுப் பெருமை.

என் அப்பாச்சிக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. ஆனால் வைத்திய உலகத்தை அவர் மிகத் தெளிவாகப் பாகம் பிரித்து வைத்திருந்தார். காய்ச்சல், செங்கமாரி, வாதம் ஆகியவை பரியாரியாரின் அதிகார எல்லைக்குள் அடங்கும். அறுப்பதும் தைப்பதும் மானிப்பாய்க்கு உரியவை. சிறுவயதில் என் காலில் கருக்குமட்டை கிழித்துச் சீழ் கட்டியபோது, ஒற்றைத் திருக்கலில் என்னை ஏற்றிக்கொண்டு அவர் மானிப்பாய்க்குப் போனார். விறாந்தையில் காத்திருந்தவர்களுக்கு ஒருவர் வேதவசனம் சொல்லிக்கொண்டிருந்தார்; கோயிலில் கந்தபுராணப் படிப்புக் கேட்கும்போது எவ்வளவு அடக்கமாக இருப்பாரோ, அவ்வளவு அடக்கமாக, கைகூப்பிக்கூட, அப்பாச்சி அதைக் கேட்டார். காலைக் கீறிக் கட்டி, பல்வெட்டிய காகிதம் ஒட்டிய போத்தலையும் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பும் வழியில் மருதடிப் பிள்ளையார் வாசலில் வண்டில் நின்றது. அப்பாச்சி இறங்கி, போத்தலைப் படியில் வைத்து, அதன் மூடியில் விபூதி பூசி, தேங்காயும் உடைத்த பிறகே மீண்டும் ஏறினார். வீட்டில், “ஒரு பல்லுக்கு மேலை ஒரு துளியும் குடிக்கப்படாது, மோனை” என்று கண்டிப்பாக அளந்து தந்தார். கால் ஆறியபின், ஆற்றியது ஆஸ்பத்திரியா பிள்ளையாரா என்று நான் குறும்பாகக் கேட்டபோது, சற்றும் தயங்காமல், “மருந்து அவையின்ரை, மாத்தினது பிள்ளையார்” என்று தீர்ப்புச் சொன்னார்.

கிறீன் இதைக் கேட்டிருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார். ஆத்துமாவைக் குணப்படுத்துவதற்கு வாசலாகவே சரீரத்தைக் குணப்படுத்த வந்தவர் அவர். நம்மவரோ வாசலிலேயே மருந்தை வாங்கிக்கொண்டு, உபதேசத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார்கள். ஆயினும் இந்த ஜனங்களின் சுபாவத்தை அவர் அறியாதவரல்லர். ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவன் அரசாங்க உத்தியோகத்தைத் தேடிப் போய்விடுவான், தமிழில் படித்தவனே தன் கிராமத்தில் தங்குவான் என்று கண்டு, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். மாணாக்கர் தேசிய உடையை விடாதிருப்பதே அவருக்கு உவப்பாயிருந்தது. கற்பிக்க நூல்கள் வேண்டுமே! தம் மாணாக்கர் சிலரையும் துணைக்கொண்டு அவற்றையும் ஆக்கினார். 1858இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல் 1872இலேயே ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ என்று வரிசை நீண்டது. 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னும் வூஸ்டர் நகரத்தில் இருந்தபடியே தமிழ்ப் பணியை அவர் விடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ வெளிவந்தது 1883இல், அவர் மறைவதற்கு ஒரு வருஷம் முன்பு. தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்றே தம் கல்லறையில் பொறிக்கவேண்டுமென்று விரும்பினார். அவ்வாறே பொறித்தும் இருக்கிறார்கள்.

அவர் பயிற்றிய 60க்கு மேற்பட்ட வைத்தியர்களே அந்த ஆஸ்பத்திரியின் மெய்யான வளர்ச்சி என்பது என் அபிப்பிராயம். கட்டில்களை எண்ணி அபிவிருத்தியை அளக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. நடுச்சாமத்தில் வாந்திபேதி கண்டவன் வீட்டிலிருந்து, விஷயம் அறிந்த ஒருவனுடைய படலைவரை எவ்வளவு தூரம் நடக்கவேண்டியிருந்தது என்பதே சரியான அளவு. அந்தத் தூரத்தைக் குறைத்த ஏனைய ஸ்தாபனங்களுக்கும் என் வணக்கம் உண்டு: மிஷன் ஊழியரான லீச் சகோதரிகள் சேர்த்த பணத்தால் 1898இல் பெண்களுக்கென்று இணுவிலில் எழுந்த மக்லியட் ஆஸ்பத்திரி, எந்தச் சீமையையும் எதிர்பாராமல் ஊரவர் தம் பங்குப்பணத்தால் 1930களில் நிறுவிய மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை.

கிறீனின் தமிழ்க் கல்வி மட்டும் அவருக்குப்பின் நிலைக்கவில்லை. அதைக் கொன்றவர் வெள்ளைக்காரர் என்று மேடையில் முழங்குவது சுலபம். ஆனால், சம்பளமும் பென்சனும் ஆங்கிலத்தோடுதான் வரும் என்று கணக்குப் பார்த்த தகப்பன்மார் நம்முடைய வளவுகளிலேயே இருந்தார்கள். அவர்கள் பார்த்த கணக்கில் பிழையும் இல்லை. பிள்ளைகள் கொழும்புக்கும் மலாயாவுக்கும், பேரப்பிள்ளைகள் இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் போனார்கள். போரில் நலிந்த மானிப்பாய் ஆஸ்பத்திரியை நிமிர்த்துவதற்கு அங்கிருந்து உதவியும் வந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அமெரிக்கா எங்களுக்கு ஒரு கிறீனைத் தந்தது. நாங்களோ அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு எங்கள் வைத்தியர்களை வருஷந்தோறும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். செம்புக்காசுக்கும் பேரம் பேசும் யாழ்ப்பாணத்தான், கடனை இவ்வளவு பெரிய வட்டியோடு வாய்திறவாமல் திருப்பிக் கொடுத்தது அநேகமாக இந்த ஒரு விஷயத்தில்தான்.