நெடுஞ்சாலைக்குக் கிழக்கே

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டின் 1991இல் ‘உலகின் நேரடி இசைத் தலைநகர்’ என்ற பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. கொஞ்சம் மிகைதான். ஆனால் விமான நிலையத்துக்குள்ளேயே மேடை போட்டுக் கச்சேரி நடத்தும் ஊருக்கு அந்த உரிமை உண்டு என்று விட்டுவிடலாம்.

ஊரின் மையத்தில், கிழக்கு ஐந்தாம் தெருவில் இருக்கிறது ஆன்ட்டோன்ஸ். கிளிஃபர்ட் ஆன்ட்டோன் 1975இல் தொடங்கிய ப்ளூஸ் அரங்கு இது. பலமுறை இடம் மாறி இங்கே வந்து சேர்ந்தது. இன்றைய பங்குதாரர்களில் ஒருவர் கேரி கிளார்க் ஜூனியர். 1984இல் இதே ஊரில் பிறந்தவர். 12 வயதில் கிதாரைத் தொட்டவர். பள்ளிப் பருவத்திலேயே அவரை மேடையேற்றி வளர்த்தவர்களில் ஆன்ட்டோனும் ஒருவர். கிளார்க்குக்கு 17 வயதானபோது, 2001இல், மேயர் ஒரு நாளையே அவர் பெயரால் அறிவித்தார்.

தெற்கத்திப் பருத்திக் காடுகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் பாடிய பாட்டின் வாரிசு ப்ளூஸ். மூன்று கார்டுகளும் 12 அளவுகள் கொண்ட ஒரு சுற்றும் அதன் எலும்புக்கூடு. கிளார்க் அதை விட்டு விலகவில்லை. ஆனால் அதற்குள் அடங்கியும் இருக்கவில்லை. கரகரக்கும் கிதாருக்கு மேல் கர்டிஸ் மேஃபீல்டை நினைவூட்டும் பொய்க்குரலில் சோல் பாடுகிறார். 2024இல் வந்த ‘ஜேபெக் ரா’ தொகுப்பில் ஜாஸ் கலைஞர் கியான் ஹெரால்டின் டிரம்பெட் ஒலிக்கிறது. ஸ்டீவி வொண்டரும் கூடப் பாடுகிறார்.

இந்த இசையின் பழைய வீடு எங்கே என்று தேடினால், ஐ-35 நெடுஞ்சாலையைக் கடந்து கிழக்கே போக வேண்டும். 1928இல் தீட்டிய நகரத் திட்டம் கறுப்பினத்தவருக்கான பள்ளி, பூங்கா போன்ற வசதிகளைக் கிழக்குப் பகுதிக்கு மட்டும் ஒதுக்கி, அவர்களை அங்கே தள்ளியது. எல்லையாக இருந்த ஈஸ்ட் அவென்யூவின் மீதுதான் 1962இல் நெடுஞ்சாலை வந்தது.

கிழக்கு 11ஆம் தெருவில் இருக்கிறது விக்டரி கிரில். போரிலிருந்து திரும்பிய கறுப்பின வீரர்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்று ஜானி ஹோம்ஸ் 1945இல் திறந்த உணவகம். கறுப்பினக் கலைஞர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடிய அரங்குகளின் வரிசையில் அதுவும் சேர்ந்தது. பி.பி. கிங் அங்கே வாசித்திருக்கிறார். 1998இல் அது தேசியப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

கட்டடத்துக்குப் பாதுகாப்பு கிடைத்தது, அக்கம்பக்கத்துக்குக் கிடைக்கவில்லை. 2000க்கும் 2010க்கும் இடையே ஆஸ்டினின் மக்கள்தொகை சுமார் 20 சதவீதம் பெருகியது. கறுப்பினத்தவரின் எண்ணிக்கையோ சுமார் 5 சதவீதம் குறைந்தது. அன்று ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு விலை வந்ததும் வரியும் வாடகையும் ஏறின. மூன்று தலைமுறைகளாக இருந்தவர்கள் புறநகருக்குப் பெட்டி கட்டினார்கள்.

புகழ்பெற்ற கிளார்க்கும் நிலப் பிரச்சினைக்குத் தப்பவில்லை. ஆஸ்டினுக்கு வெளியே சுமார் 50 ஏக்கர் பண்ணை வாங்கினார். அதன் சொந்தக்காரர் இவர்தான் என்பதைப் பக்கத்து நிலத்துக்காரர் நம்ப மறுத்தார். அந்தக் கோபத்தில் பிறந்த ‘திஸ் லேண்ட்’ பாடலும் அதே பெயரிலான தொகுப்பும் 2020இல் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றன.

2024இல் நெடுஞ்சாலையைத் தாழ்த்தி அகலப்படுத்தும் வேலை தொடங்கியது. அதன் மேல் பூங்கா அமைத்து ஊரின் இரு பக்கங்களையும் இணைக்க வேண்டும் என்பது நகராட்சியின் ஆசை. இணையும் நாளில் கிழக்கே பழைய குடும்பங்கள் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதுதான் கேள்வி.