வளையமிட்ட பறவை

மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்ப்பது நல்லம்பள்ளியில் வழக்கம். பறவைக்காகப் பார்த்தவரை நான் அறியேன். அவ்வூரானாகிய நான், 2024 சனவரியில் வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடனைச் செலுத்தியபின், மருமகனின் வற்புறுத்தலுக்கு இணங்கி வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குச் சென்றேன்.

1930-இல் இராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுத்த மண் அது. இன்றும் உப்பளங்கள் நிறைந்துள்ளன. அப்பால், 1967-இல் அமைக்கப்பெற்ற வனவிலங்குப் புகலிடம். முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் கொண்ட வெளிமான் கலைகள், பழுப்புநிறப் பிணைகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் இவற்றுள் பல மாண்டனவாம். போதாததற்குச் சீமைக் கருவேல் பரவிப் புல்வெளியைக் குறுக்குகிறது. இம்மரத்திற்கு எங்கள் ஊர், கடலோரம் என்ற வேற்றுமையே இல்லை போலும்!

சதுப்பு நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை வடிகட்டி உண்டன. ஆயினும் என் மனத்தைக் கவர்ந்தது கொசு உள்ளான் என்னும் சிறு பறவையே. ஏறத்தாழ 25 கிராம் எடைதான். வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க இத்துணைத் தொலைவு வருகிறது.

“இதெல்லாம் எப்படி ஐயா தெரியும்?” என்று உடன்வந்த முதிய வழிகாட்டியை வினவினேன்.

“வளையம் போட்டுத்தாங்க. வலையில் பிடித்து, அளந்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டி விட்டுவிடுவார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகள் இங்கே செய்தார்கள். எங்கேயோ ஒருவர் அந்த வளையத்தைக் கண்டு எழுதிப் போட்டால்தான் பறவை போன வழி தெரியும்.”

நான் பேச்சற்று நின்றேன்.

வாசக அன்பர்களே, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எவரிடமும் கூறாத செய்தி இது. எனக்குப் பத்து வயதிருக்கும். ஏரி நிரம்பியிருந்த ஓராண்டில் அண்ணனும் நானும் கண்ணி வைத்து ஒரு சிறு வாத்தைப் பிடித்தோம். அதன் காலில் வெள்ளிபோல் ஒரு வளையம். அதில் எண்ணும் ஆங்கில எழுத்துகளும். எழுத்துக் கூட்டத் தெரிந்த அண்ணன் ‘பம்பாய்’ என்று படித்தான். வாத்துக்கு உடையவர் பம்பாயில் இருக்கிறார், காவலர் வந்துவிடுவர் என்று நடுங்கினோம். வளையம் கிணற்றுக்குள் போயிற்று, வாத்து குழம்பாயிற்று. வளையத்தைப் பற்றி அம்மாவிடமும் மூச்சுவிடவில்லை.

வழிகாட்டியிடம் அதனைக் கூறினேன். அவர் சினக்கவில்லை, சிரிக்கவுமில்லை. “எண் ஏதாவது நினைவிருக்குங்களா?” என்று மட்டும் கேட்டார். ஓர் இலக்கம்கூட என் நினைவில் இல்லை.

அன்றிரவு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். “அண்ணா, ஏரியில் பிடித்தோமே, அந்த வாத்து...” என்று தொடங்குமுன்பே அவர் குறுக்கிட்டார்:

“கெணத்தை மூடி இருபது வருசம் ஆச்சுடா. மூடறப்போ எனக்கும் அந்த நெனப்புதான் வந்துச்சு.”