கொழுந்துத் தராசும் கிளினிக் கொப்பியும்

மே 27

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ-7 வீதியில், கினிகத்தேனையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை நிறுக்கப்பட்டு ஒவ்வொரு நிறுவையும் எழுதிவைக்கப்படுகிறது. அந்தக் கொழுந்தைப் பறித்தவளின் உடல் நிறையோ, கர்ப்பகாலக் கிளினிக் முடிந்தபின், பெரும்பாலும் எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை. பதகளிப்புக்கு மருந்து எடுப்போர் மெலிந்துபோவதைப் பற்றிய எந்த விசாரணையும் இங்கே இந்த வெற்றிடத்திலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. பதகளிப்பு என்பது இலங்கைத் தமிழ் உளமருத்துவ எழுத்தில் வழங்கும் சொல். காரணத்தை மீறிய அச்சம் நெடுநாள் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் வேலையையும் குலைக்கும் நிலையை அது குறிக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் அந்தச் சொல் கேட்பது அரிது. நெஞ்சு படபடக்கிறது, யோசனை கூடிப்போச்சு, நித்திரை இல்லை, சோறு இறங்குவதில்லை என்றே அங்கு நோய் சொல்லப்படுகிறது.

மே 31

சோறு இறங்குவதில்லை என்ற முறைப்பாடு முதற் குளிசைக்கு முன்னரே இருந்ததா, பின்னரே வந்ததா என்பது முதலிற் கேட்கப்படவேண்டியது. ஏனெனில் பதகளிப்பே பசியை அடக்கி உடலை மெலியச் செய்யும். முன்னரே மெலிந்திருந்தவரின் மெலிவை மருந்தின்மேற் சுமத்துவதும், மருந்தால் வந்த மெலிவை நோயின் தொடர்ச்சி என ஒதுக்குவதும் ஒரே குறைபாட்டின் இரு விளைவுகள்: மருந்து தொடங்கிய நாளின் நிறை எழுதப்படவில்லை.

ஜூன் 6

மருந்துகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. 1963இல் சந்தைக்கு வந்த டயசெபாம் அச்சத்தை விரைவில் தணித்து உறக்கம் தருவது. அது பொதுவாக உடல் நிறையைக் குறைப்பதில்லை, ஆயினும் நெடுநாள் எடுத்தால் பழக்கமாகிவிடும் இயல்பு அதற்கு உண்டு. நெஞ்சுப் படபடப்புக்குத் தரப்படும் புரோபிரனலோலும் மெலிவுக்குப் பேர்போனதன்று. ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகாது. பசியைத் தொடுவது பெரும்பாலும் மூன்றாவது வகையாகும். புளுஒக்சற்றீன், சேர்ட்ரலீன் முதலிய இக்குளிசைகள், நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் செரட்டோனின் என்னும் பொருளை நரம்பு மீள உறிஞ்சிக்கொள்ளாதவாறு தடுத்து, அதன் செயலை நீடிக்கச் செய்கின்றன. உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் மூளையில் அன்றிக் குடலிலேயே இருப்பதால், மனத்துக்காக விழுங்கிய குளிசை முதலிற் குடலைக் கலக்குகிறது: குமட்டல் வருகிறது, சிலருக்கு வயிற்றோட்டமும் வருகிறது, மூளையில் வயிறு நிறைந்த உணர்வு முந்திக்கொள்கிறது. இத்தொல்லைகள் பெரும்பாலோருக்குச் சில கிழமைகளில் அடங்கிவிடும். இழந்த நிறையும் பின்னர் திரும்புவதுண்டு, நெடுங்காலம் எடுப்போரிற் சிலருக்குக் கூடுவதும் உண்டு. முதல் ஒரு மாதத்தில் புளுஒக்சற்றீனால் ஏற்படும் சராசரி இழப்பு ஒரு கிலோவைக்கூட எட்டுவதில்லை.

ஜூன் 14

அந்தச் சராசரி யாருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மலையகத்தில் மறக்கலாகாது. கிலோவில் அளந்த நிறையை, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடற்றிணிவுச் சுட்டெண், அது 18.5இற்குக் கீழே போனால் நிறைகுறைவு எனக் கொள்ளப்படும். எழுபது கிலோ நிறையுள்ள ஒருவர் இரண்டு கிலோ இழந்தால் அரைக்கச்சையை ஒரு துளை இறுக்குவதோடு அது முடிந்துவிடும். ஒன்றரை மீற்றர் உயரமும் 42 கிலோ நிறையும் உள்ள ஒரு பெண்ணின் சுட்டெண் 18.7, அதே இரண்டு கிலோ போனால் அது 17.8 ஆகி எல்லை தாண்டிவிடுகிறது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் நிறையில் 5 சதவீதம் காரணமின்றிக் குறைந்தால் ஆராயவேண்டும் என்பது மருத்துவ வழக்கு. இவளுக்கு அந்த 5 சதவீதம் இரண்டு கிலோவுக்குச் சற்றே கூடியது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் 17.3 சதவீதமாக இருக்க, பெருந்தோட்டத் துறையில் 31.7 சதவீதமாக இருந்தனர். சிறுவயதிலேயே உணவு போதாமல் வளரும் உடல்கள் நிறைந்த இடத்தில் மெலிவு இயல்பெனக் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகிய கண் இரண்டு கிலோவைக் காண்பதில்லை. தராசுதான் காணவேண்டும்.

ஜூன் 15

நிறை குறைந்ததென்று அஞ்சிக் குளிசையைத் தாமாகவே திடீரென நிறுத்துவது ஆபத்தானது. செரட்டோனின் வகையில் அது தலைசுற்றலும் மீளும் பதற்றமுமாக வரலாம். நெடுநாள் எடுத்த டயசெபாமில் வலிப்பே வரலாம். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லலாம், பொருந்துமாயின் பசியையும் உறக்கத்தையும் கூட்டும் மேர்டசபீன் போன்ற வேறொன்றுக்கு மாற்றலாம்.

ஜூன் 23

படபடப்பும் மெலிவும் சேர்ந்து வந்தால் மருந்தை மட்டும் ஐயுறுவதும் போதாது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நித்திரை கெடும், நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைக்கும். இரத்தப் பரிசோதனையின்றி அதைப் பதகளிப்பெனக் கொண்டு குளிசை எழுதிவிடுவது எளிது. காசநோயும் நீரிழிவும் உடலை உருக்கும். இரத்தச்சோகையும் படபடப்பாகத் தோன்றும். ரொட்டியோடும் சம்பலோடும் குடிக்கும் சாயத்தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைப்பதால், தேயிலை பறிக்கும் கைகளுக்கே அந்தச் சோகை நெருக்கமாக இருக்கிறது என்பது மனத்தை வருத்தும் செய்தி.

ஜூலை 3

வேண்டியது சிறிதளவே: கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயருக்கு அருகே அன்றைய நிறை, அதன்பின் மாதமொரு தடவை அதே தராசில் மீண்டும் ஒரு நிறை. நாட்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்றான வட்டவளை பக்கத்திலேயே இருப்பதால், ஒரு விவரத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மழையில் இறங்கி வந்தவர் நனைந்த சேலையோடும் இடுப்பிற் கட்டிய படங்கோடும் தராசில் ஏறினால், தேடப்படும் அந்த ஓரிரு கிலோ இழப்பை நீரே மறைத்துவிடும். ஈரக் கொழுந்தென்றால் நீருக்கெனக் கழித்தெழுதும் வழக்கம் நிறுவைக் கொட்டிலில் ஏற்கெனவே உண்டு.