நெத்தியில தொடுறே

மார்ச் 4
டைல்ஸ் வெட்டும்போது கட்டிங் மிஷின் பிளேடு உடைந்து இவர் முகத்தில் அடித்துவிட்டது. கண் தப்பியது. மூக்கு நுனியும் இடப்பக்க மடலும் போய்விட்டன. மிஷினின் காப்பு மூடியை மேஸ்திரி எப்போதோ கழற்றிப் போட்டிருக்கிறார். வேலை வேகமாக ஓடுமாம்.

மார்ச் 9
எழுத ஓடவில்லை.

மார்ச் 22
வீட்டுக்கு வந்தாயிற்று. பீரோ கண்ணாடிமேல் பழைய சேலையைப் போட்டு மூடினேன். தெருவில் யாரோ, "நல்லா மூக்கறுபட்டான்" என்று யாரைப் பற்றியோ சொல்லிச் சிரித்தது திண்ணை வரை கேட்டது. இவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இனி அந்தச் சொல் என் வாயில் வராது.

ஏப்ரல் 17
புது மூக்கு வைக்கும் ஆபரேஷனைப் பற்றி, "அழகுக்காக இவ்வளவு செலவா?" என்றார் அத்தை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "மூச்சு ஒழுங்கா போகணும்மா. வெறும் தோலை ஒட்டினா, கால் நடாத பந்தல் மாதிரி சரிஞ்சுடும். உள்ளே ஒரு தோல், நடுவுல காதிலேருந்து எடுத்த குருத்தெலும்பு, வெளியே நெத்தித் தோல். மூணும் வேணும்." தையல் நூல் உறையின் தகட்டுத்தாளை மூக்கின் அளவுக்கு வெட்டி, அதை நெற்றியில் வைத்துக் கோடு போடுவார்களாம். பீடியை இன்றே விட வேண்டும். புகை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும்.

மே 13
வார்டில் தூக்கமில்லை. இந்த ஆபரேஷனைப் பற்றிப் போனில் படித்தேன். காவஸ்ஜி என்பவர் ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டியவர். திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படியே இருந்திருக்கிறார். பிறகு புனே பக்கம், செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் மெழுகில் அளவெடுத்து, நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்திருக்கிறார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அது வந்தது. அதற்கப்புறம்தான், 1814இல், கார்ப்யூ என்ற டாக்டர் அங்கே இதைச் செய்தார். செய்தியில் காவஸ்ஜி பெயர் இருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை. எனக்கு அந்த ஒரு வருஷம்தான் மனசை விட்டுப் போகவில்லை. அவர் எப்படிச் சாப்பிட்டார், யார் முகத்தைப் பார்த்துப் பேசினார்?

மே 15
பார்த்தேன். புருவ நடுவிலிருந்து ஒரு தோல் தண்டு முறுக்கிக்கொண்டு மூக்குவரை இறங்குகிறது. அதற்குள் ஓடும் ரத்தத்தில்தான் புது மூக்கு உயிரோடு இருக்கிறது. நர்ஸ் விரலால் லேசாக அழுத்தி எடுத்தார். வெளுத்தது, மறுபடி நிறம் வந்தது. "நல்லாருக்கு" என்றார். வெளியே போய் அழுதேன்.

மே 17
ஓரம் கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது. டாக்டர் வரும்வரை தண்ணீர்கூட இறங்கவில்லை. ரத்தக்கட்டுதானாம்.

மே 26
பாப்பாவைக் கூட்டி வரவே எனக்கு இஷ்டமில்லை, பயந்துவிடுவாள் என்று. அவள் நேரே மடியில் ஏறி, மூக்கு நுனியை ஒரு விரலால் தொட்டாள்.
"அப்பா, வலிக்குதா?"
"இல்ல தங்கம். நீ நெத்தியில தொடுறே."
"இல்லப்பா, மூக்கு."
"எனக்கு நெத்தியிலதான் தெரியுது."
டாக்டரிடம் கேட்டேன். நெற்றியின் நரம்பும் அந்தத் தண்டோடு வந்திருப்பதால் அப்படித் தெரியுமாம். பாப்பா மாற்றி மாற்றித் தொட்டு, "இப்ப எங்க? இப்ப எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு இவர் சிரித்துப் பார்த்தது இன்றுதான்.

ஜூன் 4
ஆபரேஷன் முடிந்து இருபத்தொரு நாள். தண்டை வெட்டிவிட்டார்கள். மூக்கு இனி தன் காலில் நிற்கும்.

ஜூன் 19
தினமும் போன் கேமராவில் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம், மார்ச் கடைசியிலிருந்தே. என்னிடம் சொல்லவில்லை. பீரோவிலிருந்த சேலையை எடுத்துத் துவைத்துப் போட்டேன்.

மேஸ்திரி வந்தார், பழம் வாங்கிக்கொண்டு. எல்லா மிஷினிலும் மூடி போட்டாச்சா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அந்த மிஷினை இன்று யார் பிடித்திருக்கிறார்களோ, அவர் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள்.

இடது துளை ராத்திரியில் அடைத்துக்கொள்கிறது. தடிப்பைக் குறைக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. ஆகஸ்ட் 20 வரச் சொல்லியிருக்கிறார்கள்.